மருந்தை வளர்த்த செல்

2004-இல் பெருங்குடல் புற்றுநோய்க்காக அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஆன்டிபாடி மருந்து செடுக்ஸிமாப். டென்னஸி, வட கரோலினா மாநிலங்களில் நடந்த ஓர் ஆய்வில், அதை ஏற்றிக்கொண்டவர்களில் 22 சதவீதம் பேருக்குக் கடும் ஒவ்வாமை வந்தது. முதல் டோஸ் ஏறும்போதே உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சுத்திணறல், ரத்த அழுத்தச் சரிவு. மற்ற பல பகுதிகளில் இது அபூர்வம்.

முதல் டோஸிலேயே இப்படி என்றால், அந்த உடல் எதையோ முன்பே சந்தித்திருக்க வேண்டும். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் தாமஸ் பிளாட்ஸ்-மில்ஸ் குழுவினர், சிகிச்சைக்கு முன் சேமித்த ரத்தத்தைச் சோதித்தார்கள். 2008-இல் முடிவு வெளியானது. ஒவ்வாமை வந்த 25 பேரில் 17 பேரிடம் மருந்தைப் பிடிக்கும் ஐ.ஜி.இ., அதாவது ஒவ்வாமையைத் தூண்டும் வகை ஆன்டிபாடி, ஏற்கெனவே இருந்தது. அது பிடித்தது மருந்தின் புரதத்தை அல்ல, அதில் ஒட்டியிருந்த ஆல்ஃபா-கால் என்ற சர்க்கரையை.

அந்தச் சர்க்கரை எப்படி வந்தது? ஆன்டிபாடியின் அமினோ அமில வரிசையை நாம் கொடுக்கும் மரபணு தீர்மானிக்கிறது. அதன்மேல் என்ன சர்க்கரை ஏறும் என்பதை, அதைத் தயாரிக்கும் செல்லின் நொதிகள் தீர்மானிக்கின்றன. செடுக்ஸிமாப் எஸ்.பி.2/0 என்ற எலிச் செல்களில் வளர்வது. ஆல்ஃபா-காலைச் சேர்க்கும் நொதி எலிக்கு உண்டு, நமக்கு இல்லை. பெரும்பாலான ஆன்டிபாடிகளில் சர்க்கரை இருப்பது Y வடிவத்தின் தண்டுப் பகுதியில், 297-ஆம் இடத்தில், இரண்டு சங்கிலிகளுக்கு நடுவே ஒடுங்கி. செடுக்ஸிமாபுக்கோ கையிலும் ஒன்று உண்டு. வெளியே தெரியும் அந்தச் சர்க்கரையில்தான் ஆல்ஃபா-கால் இருந்தது. அதே ஆன்டிபாடியை, இன்று மிக அதிகமாகப் பயன்படும் சீன ஹாம்ஸ்டர் சூலகச் செல்களில் தயாரித்துப் பார்த்தபோது ஐ.ஜி.இ. அதைத் தொடவே இல்லை. புரதம் ஒன்றுதான், செல்தான் வேறு. இந்த ஒப்பீட்டைத்தான் அந்த ஆய்வின் உச்சம் என்பேன்.

அந்த ஐ.ஜி.இ.யை விதைத்தது, அமெரிக்காவின் தென்கிழக்கில் பெருகியிருக்கும் லோன் ஸ்டார் உண்ணி என்பது பின்னர் தெரிந்தது. அது கடித்தவர்களில் சிலருக்கு மாட்டிறைச்சி சாப்பிட்ட சில மணி நேரம் கழித்தும் இதே ஒவ்வாமை வருகிறது.

சர்க்கரை மருந்தின் வீரியத்தையும் மாற்றும். தண்டுச் சர்க்கரையிலிருந்து ஃபியூகோஸ் என்ற ஒரே துண்டை நீக்கினால், புற்றுச் செல்லைக் கொல்லும் என்.கே. செல்கள் ஆன்டிபாடியைப் பல மடங்கு இறுக்கமாகப் பற்றுகின்றன. 2012-இல் ஜப்பானில் அனுமதி பெற்ற மொகாமுலிசுமாப், ஃபியூகோஸ் சேர்க்கும் மரபணுவே நீக்கப்பட்ட ஹாம்ஸ்டர் செல்களில் தயாராகிறது.