நாயைப் புதைத்தால் விடையும் புதைந்துபோகும்

மார்கழிப் போயாவுடன் தொடங்கும் சிவனொளிபாதமலைப் பருவகாலம் வெசாக் போயாவரை நீள்கிறது. அத்தனை மாதமும் மலையடிவாரத்து நல்லதண்ணி இரவிலும் விழித்தே இருக்கிறது. ஹற்றன், மஸ்கெலியா வழியாக வந்திறங்கும் யாத்திரிகர்களின் பின்னால் கடைத்தெரு நாய்களும் படியேறுகின்றன. பெரும்பாலானவை சாதுவானவை. ஆனால் தாடை தொங்கி, எச்சில் வடியத் தள்ளாடும் நாயொன்று ஒருவரைக் கடித்துவிட்டு மறுநாள் செத்துக் கிடந்தால் என்ன செய்வோம்? தேயிலை மலையோரம் குழி வெட்டிப் புதைத்துவிடத்தான் தோன்றும். அங்கேதான் தவறு நேர்கிறது.

அதற்கு விசரா இல்லையா என்பதைப் பார்வையால் முடிவுசெய்ய முடியாது. டிஸ்டெம்பர் வைரஸ் மூளையைத் தாக்கினாலும் வலிப்பு வரும், வாயில் நுரை தள்ளும், நடை தடுமாறும். உயிரோடுள்ள நாயின் எச்சிலில் விசர் வைரஸ் விட்டுவிட்டே வெளிப்படும். இரத்தத்தில் தேடியும் பயனில்லை. அதனால்தான் கடித்த நாய் உயிரோடிருந்தால் கட்டிவைத்து 14 நாள் கவனிக்கச் சொல்கிறார்கள். இறந்துவிட்டால் மூளைதான் சாட்சி.

கொழும்பு பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம் இந்தப் பரிசோதனையைச் செய்கிறது. மூளைத்தண்டிலும் சிறுமூளையிலும் சிறு துண்டெடுத்துக் கண்ணாடி வழுக்கியில் ஒற்றி, ஒளிரும் சாயம் பிணைத்த பிறபொருளெதிரியை அதன்மேல் இடுவார்கள். வைரஸ் இருந்தால் பிறபொருளெதிரி அதைப் பற்றிக்கொள்ளும். இல்லையென்றால் கழுவும்போது போய்விடும். பிறகு ஒளிர்வு நுணுக்குக்காட்டியில் பார்த்தால், விசர் கண்ட மூளையில் இருட்டினூடே பச்சைப் புள்ளிகள் மின்னும். 1958 முதல் உலகம் நம்பும் முறை இது. மாதிரி கைக்கு வந்தால் சில மணி நேரத்தில் விடை தெரிந்துவிடும்.

ஆனால் மூளை கெடாமல் போய்ச் சேர வேண்டும். தலையில் அடித்துக் கொன்றாலோ அழுகவிட்டாலோ பரிசோதனை வீண். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ கால்நடை வைத்தியருக்கோ உடனே சொல்ல வேண்டும். பயிற்சி பெற்றவர்கள் தலையை எடுத்து, இரண்டு பொலித்தீன் பைகளில் கட்டி, ஐஸ் நிரப்பிய பெட்டியில் அனுப்புவார்கள். நாமே வெறுங்கையால் தொடுவது ஆபத்து.

கடிபட்டவர் விடைக்காகக் காத்திருக்கக் கூடாது. காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அரச ஆஸ்பத்திரிகளில் தடுப்பூசி இலவசம். நாய்க்கு விசரில்லை என்று தெரிந்தால் வைத்தியர் ஊசியை நிறுத்திவிடலாம். விசர்தான் என்றால், அதே நாய் கடித்த, நக்கிய மற்றவர்களையும் லயத்து நாய்களையும் தேடிப்போக வேண்டும்.

நல்லதண்ணியின் தனிச் சிக்கல் இங்கேதான். கடிபட்டவர் விடிந்ததும் காலிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ பஸ் ஏறியிருப்பார். பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிவைக்காவிட்டால் கொழும்பின் விடை அவரைச் சென்றடையாது. அறிகுறி தொடங்கிய பின் இந்நோயிலிருந்து மீள்பவர் அநேகமாக இல்லை.

1973இல் இலங்கையில் விசர்நோயால் 377 பேர் இறந்தார்கள். நாய்களுக்கான தடுப்பூசியும் மனிதருக்கான சிகிச்சையும் அந்தத் தொகையை வெகுவாகக் குறைத்திருக்கின்றன. மிச்சமுள்ள மரணங்களும் தடுக்கக்கூடியவையே. பருவகாலம் தொடங்குமுன் கடைத்தெரு நாய்களுக்கும் லயத்து நாய்களுக்கும் ஊசி போட வேண்டும். நல்லதண்ணியில் ஓர் ஐஸ் பெட்டியும், கடிபட்டோர் விவரம் எழுத ஒரு பதிவேடும் தயாராக இருக்க வேண்டும். பெரிய செலவில்லாத இந்த ஏற்பாட்டைச் சுகாதாரப் பிரிவும் தோட்ட நிர்வாகமும் பிரதேச சபையும் சேர்ந்து இந்தப் பருவத்திலேயே செய்யலாம்.