படுத்தால் மூச்சு முட்டுகிறதா?

இதய அறுவை சிகிச்சை முடிந்து மூன்று மாதங்களாகியும் சாய்வு நாற்காலியிலேயே உறங்குவதாக நம் கிளைக்கு வரும் ஓய்வூதியர் ஒருவர் கூறினார். படுத்தவுடன் மூச்சு முட்டவே, இதயம் மீண்டும் பழுதாகிவிட்டதென அஞ்சி, வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே எடுக்க வந்திருந்தார். முதலில் மருத்துவரிடம் சென்று வருமாறு கேட்டுக்கொண்டோம். பரிசோதனையில் இதயம் நலமாகவே இருந்தது. செயலிழந்திருந்தது ஒரு நரம்பு.

நரம்பின் பணி

மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானமே நாம் மூச்சிழுக்க உதவும் முதன்மைத் தசை. அதனை இயக்குபவை வலம், இடம் என இரண்டு ஃபிரெனிக் நரம்புகள். கழுத்தின் 3, 4, 5ஆம் தண்டுவட நரம்புகளிலிருந்து தோன்றும் இவை, இதய உறையை ஒட்டியே கீழிறங்குகின்றன.

காரணங்கள்

இதய அறுவை சிகிச்சையின்போது நரம்பு இழுபடுவதாலோ, இதயத்தைக் குளிர்விக்கும் பனிக்கட்டியாலோ பாதிப்பு நேரலாம். கழுத்து, மார்பு அறுவை சிகிச்சைகள், விபத்துக் காயம், நரம்பை அழுத்தும் கட்டி, நரம்பு அழற்சி ஆகியனவும் காரணங்களாகும். கடினமான பிரசவத்தில் கழுத்து இழுபடுவதால் பச்சிளங்குழந்தைக்கும் இது நேரக்கூடும். சிலருக்குக் காரணம் புலப்படுவதே இல்லை.

அறிகுறிகள்

ஒரு பக்க நரம்பு மட்டும் பழுதானால் பலருக்கு எவ்விதத் தொல்லையும் இராது. ஏனையோர்க்குப் படியேறும்போதும், குனியும்போதும், படுக்கும்போதும் மூச்சுத்திணறல் தோன்றும், உறக்கம் கெடும், காலையில் தலைவலியும் பகலில் சோர்வும் வரும். இரு பக்கமும் பழுதானால் திணறல் கடுமையாகும். மூச்சிழுக்கும்போது வயிறு உள்வாங்கும்.

இதய நோயிலும் படுத்தால் மூச்சுத் திணறும். எனவே எதுவென நாமே முடிவு செய்துவிடலாகாது. மார்பு எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட், அமர்ந்தும் படுத்தும் செய்யும் மூச்சுத்திறன் சோதனை ஆகியவை உண்மையை உணர்த்தும். திடீரெனக் கடும் திணறல் ஏற்பட்டால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவை நாட வேண்டும்.

சிகிச்சை

நரம்பு மிக மெதுவாகவே, நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவே வளர்கிறது. ஆதலால் குணமாகப் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கும் மேலாகலாம். அதுவரை மூச்சுப் பயிற்சியும், தேவைப்படின் இரவில் பைபேப் கருவியும் துணைபுரியும். குணமாகாதவர்க்கு, தளர்ந்த உதரவிதானத்தை மடித்துத் தைக்கும் அறுவை சிகிச்சை உண்டு. தகுதியுடைய சிலருக்கு நரம்பைத் தூண்டும் கருவியும் பொருத்தப்படுகிறது.

செலவைத் திட்டமிட

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது தரப்படும் சிகிச்சைச் சுருக்க அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள். வீடு திரும்பிய பின் எத்தனை நாள்களுக்கான செலவைக் காப்பீடு ஏற்கும், வீட்டில் பயன்படுத்தும் கருவிக்குத் தொகை கிடைக்குமா என்பவற்றைப் பாலிசியில் பாருங்கள். அவசரத் தேவை எழுந்தாலும், வைப்புத்தொகையை முறிக்காமல் அதன்பேரில் கடன் பெற இயலுமா என முதலில் கேட்டறியுங்கள்.

நம் ஓய்வூதியர் அவ்வாறே கடன் பெற்றுக் கருவி வாங்கினார். அவரது வைப்புத்தொகை அப்படியே இருக்கிறது. அவரும் இப்போது கட்டிலில் படுத்து உறங்குகிறார்.