தொளதொள ஸ்லீப்சாக்: எங்கே பிடிப்பது, எங்கே விடுவது

பாண்டேஜ் ஸ்லீப்சாக் என்பது கழுத்திலிருந்து பாதம் வரை ஆளை உள்ளே வைத்து மூடும் பை. முன்பக்கமோ பின்பக்கமோ நீளமாக ஒரு ஜிப். பலவற்றில் கைகளை நுழைத்துக்கொள்ள உள்ளேயே இரண்டு ஸ்லீவ் தைத்திருப்பார்கள். பெரியவர்கள் இருவர் பேசி, மனமொத்துப் பயன்படுத்துகிற சாமான். கட்டுண்டு கிடப்பதைவிட, உடம்பு முழுக்க ஒரே மாதிரி அழுத்தம் கிடைப்பதுதான் இதில் சுகம் என்று சொல்பவர்கள் நிறைய. பை தொளதொளவென்று இருந்தால் அந்தச் சுகமே இல்லை, வெறும் கோணிப்பைதான்.

ரெடிமேடாக வருவது பெரும்பாலும் உயரத்தையும் மார்பளவையும் மட்டும் பார்த்து வெட்டியது. அதனால் தோளில் சரியாக இருப்பது முழங்காலில் தொங்கும். ஆகவே முதல் வேலை அளவெடுப்பது. சட்டைக்கு எடுப்பது போல எடுத்தால் உதவாது. ஆள் கைகளை உடம்போடு ஒட்டி, கால்களைச் சேர்த்து நிற்கணும். டேப்பை கைகளையும் சேர்த்துச் சுற்றி தோள், மார்பு, இடுப்பு, உள்ளங்கை படும் இடம், தொடை, முழங்கால், கெண்டைக்கால், கணுக்கால் என்று எட்டு இடத்தில் அளக்கலாம். பையைத் தரையில் பரப்பி அதே இடங்களில் அகலத்தை அளந்து இரண்டால் பெருக்கினால் பையின் சுற்றளவு.

இனி கணக்கு. மார்பில் ஆள் 128 செ.மீ., பை 144 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 16. அதை அப்படியே பிடித்துவிடக் கூடாது. ஆழமாக மூச்சு இழுத்தால் நெஞ்சின் சுற்றளவு சுமார் 5 செ.மீ. கூடும், லெதர் அதற்கு இழுபட்டுக் கொடுக்காது. 6 செ.மீ. விட்டுவிட்டு 10 மட்டும் குறைப்போம். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தையல், ஒவ்வொன்றிலும் இரண்டு அடுக்கு, ஆக நான்கு. பத்தை நான்கால் வகுத்தால் 2.5. பழைய தையலிலிருந்து வெறும் இரண்டரை சென்டிமீட்டர் உள்ளே தள்ளித் தைத்தால் போதும்! இந்த நான்கு மடங்கை மறந்து பக்கத்துக்கு 5 செ.மீ. பிடித்தால் 20 செ.மீ. போய்விடும், ஆள் உள்ளேயே போக முடியாது. ஒரு பக்கம் மட்டும் பிடிப்பதும் வேண்டாம், ஜிப் நடுவிலிருந்து கோணிக்கொண்டு போகும். உள் ஸ்லீவ் பக்கத் தையலோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தால், அதை முதலில் பிரித்துவிட்டு கடைசியில் புதுக்கோட்டில் பொருத்தணும்.

லெதரில் ஊசி போட்ட ஓட்டை ஓட்டைதான், ஆறாது. அதனால் குண்டூசி கூடாது, கிளிப் போட்டுப் பிடித்து ஆளை உள்ளே வைத்துப் பார்க்கணும். தைக்கும்போது லெதர் ஊசி, பாலியஸ்டர் அல்லது நைலான் நூல், தையல் நீளம் 3.5 முதல் 4 மி.மீ. சின்னச் சின்னதாகத் தைத்தால் தபால்தலை ஓரம் மாதிரி அங்கேயே கிழியும். வீட்டு மெஷின் திணறினால், பைக் சீட் கவர் தைப்பவரிடம் கொடுக்கலாம். என்ன பை இது என்று கேட்பார், என்ன சொல்வது என்பது உங்கள் பாடு. ஸ்பான்டெக்ஸ் பை என்றால் கதை வேறு: துணி இழுபடும் என்பதால் உடம்பளவைவிடக் குறைவாகவே தைக்கலாம், ஆனால் நேர்த்தையல் போட்டால் இழுபடும்போது நூல் அறுந்துவிடும், ஜிக்ஜாக்தான் சரி.

பெரும்பாலோர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே, வெளிப்பக்கத்தில், எலும்பை ஒட்டி ஒரு நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. அது நசுங்கினால் பாதத்தை மேலே தூக்க முடியாமல் போகலாம். பக்கத் தையல் வந்து உட்காருவது அதன் மேலேயேதான். முழங்கையின் உள்பக்கத்திலும் இதே கதை, அங்கே நசுங்கினால் சுண்டுவிரல் மரத்துப்போகும். எனவே தைத்து முடித்தபின் உள்ளே மிஞ்சும் விளிம்பை 1 செ.மீ. விட்டு நறுக்கி, விரித்து, ரப்பர் பசை தடவி, சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டையாக்கணும். தையலே போடாமல் வெளியே பெல்ட் கட்டி இறுக்குவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மிச்ச லெதர் உள்ளே மடிப்பாகி, அந்த மடிப்பே கயிறு மாதிரி ஒரே இடத்தில் அழுத்தும். பக்கவாட்டில் ஐலெட் அடித்து நாடா கோப்பது அதைவிட எவ்வளவோ தேவலை, உடம்பு இளைத்தாலும் பெருத்தாலும் சரிசெய்துகொள்ளலாம்.

கழுத்தை மட்டும் தொடவே கூடாது. இரண்டு விரல் தாராளமாக நுழையணும். பிடித்தபின் ஜிப் மேல் விழும் இழுவை கூடும் என்பதால், மெலிந்த ஜிப் இருந்தால் 10-ஆம் நம்பர் ஜிப்பாக மாற்றிவிடுங்கள், மேலிருந்தும் கீழிருந்தும் திறக்கிற வகை. ஏனென்றால் உள்ளே இருப்பவரால் எதையும் திறக்க முடியாது. ஜிப் மாட்டிக்கொண்டால் லெதரையே வெட்டுகிற அளவு கனமான, முனை மழுங்கிய கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கணும்.

முதல் சோதனை பத்து நிமிடம் போதும். ஆள் மல்லாந்து படுக்கணும், குப்புற வேண்டாம். இன்னொருவர் அறையை விட்டுப் போகவே கூடாது. இடையிடையே விரல்களையும் பாதத்தையும் அசைக்கச் சொல்லுங்கள். ஒரு வாக்கியத்தை நிறுத்தாமல் பேச முடியவில்லை என்றால் நெஞ்சில் அதிகம் பிடித்துவிட்டது என்று அர்த்தம். உடனே திறந்துவிட்டு, அந்த இடத்தில் மட்டும் தையலைப் பிரித்து அரை சென்டிமீட்டர் வெளியே தள்ளிப் போடுங்கள். விளிம்பை நறுக்குவது இந்தச் சோதனைக்கு அப்புறம்தான்.