965-லிருந்து வந்த அழைப்பு

வெள்ளிக்கிழமை மாலை வரதராஜன்பேட்டையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். குவைத்தில் அன்று விடுமுறை. அங்கே மணி இரண்டு ஆகும்போது இங்கே நாலரை. முந்திரிக்கொட்டை பொறுக்கிவிட்டு வந்த அத்தை ஒருவர், கையில் ஒட்டியிருந்த மண்ணை முந்தானையில் துடைத்துக்கொண்டு, போனை என்னிடம் நீட்டினார். "தம்பி, முன்னாடி கூட்டல் போட்டு 965-ன்னு ஒரு நம்பர் வந்து வந்து போவுது. யாருன்னு பாரேன்." குவைத் எண் அத்தை, உங்கள் பிள்ளை வேறு யாருடைய போனிலிருந்தாவது கூப்பிட்டிருப்பார் என்றேன். அவர் போனை வாங்கவில்லை. "965-னா குவைத்துன்னு யார் சொல்லி வச்சது? நம்ம கவருமெண்டா, அவங்க கவருமெண்டா?"

நல்ல கேள்வி. இரண்டு அரசும் இல்லை என்பதுதான் பதில். டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை அது. இன்னொரு டீ சொல்லிவிட்டு, நாமும் அத்தையோடு சேர்ந்து மெல்ல நடந்து பார்ப்போம்.

முதலில் அந்தக் கூட்டல் குறி. ஒரு நாட்டிலிருந்து வெளியே பேச, அந்த நாட்டுக்கென்று ஒரு வாசல் எண் உண்டு. இந்தியாவிலிருந்து 00, அமெரிக்காவிலிருந்து 011. கூட்டல் போட்டுவிட்டால், "நான் எந்த ஊரில் இருக்கிறேனோ அந்த ஊர் வாசலை நீயே திறந்துகொள்" என்று போனுக்குச் சொன்னதாக அர்த்தம். அதற்கடுத்து வருவது நாட்டின் எண், அதற்கடுத்து அந்த நாட்டுக்குள் வீட்டின் எண். கடித உறையில் கதவிலக்கம், தெரு, ஊர், நாடு என்று எழுதுவதைத் தலைகீழாக எழுதியது போல. கூட்டலை விட்டுவிட்டு எண்ணினால், உலகின் எந்தத் தொலைபேசி எண்ணும் 15 இலக்கத்துக்கு மேல் போகக்கூடாது என்பது விதி.

நாட்டு எண்களை 1960-களில் தெருத்தெருவாகப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒன்பதாம் தெருவில் நாம் 91. பக்கத்து வீடு பாகிஸ்தான் 92, ஆப்கானிஸ்தான் 93, இலங்கை 94, மியான்மர் 95. ஆறாம் தெருவில் மலேசியா 60, சிங்கப்பூர் 65. பொதுவாக ஜனம் அதிகமுள்ள நாட்டுக்குச் சின்ன எண். அப்போதுதான் மிச்ச இலக்கங்களை உள்ளூர்க்காரர்களுக்கு நிறையப் பங்கிட முடியும். குவைத் சிறிய நாடு, அதற்கு மூன்று இலக்கம் கொடுத்தாலும் போதும். அதனால்தான் வளைகுடா எண்களெல்லாம் 965, 971, 974 என்று நீளமாக வருகின்றன.

நம் 91-ஐ அத்தையின் போனுக்குள்ளேயே காட்டலாம் என்று தோன்றியது. பின்மூடி சுலபமாகக் கழன்றது. சிம்மை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். அதன் முதுகில் எறும்பு ஊர்ந்தது போல ஒரு நீண்ட எண் அச்சிட்டிருக்கும். கண்ணாடி இல்லாமல் படிப்பது சிரமம். அது 8991 என்று தொடங்கியது. 89 என்றால் இது தொலைத்தொடர்பு அட்டை என்று பொருள். வங்கி அட்டையோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க உலகம் முழுக்க ஒரே அடையாளம். அடுத்த 91 நாம்தான். சிம்மை மறுபடி போனில் போட்டேன். ஆண்டிமடத்துக் கடையில் வாங்கிய சிம்மிலும் குவைத்தில் அவர் பிள்ளை வாங்கிய சிம்மிலும் 89 ஒன்றேதான்.

இந்த எண்களையெல்லாம் பங்கிட்ட இடத்தின் பெயர் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம், சுருக்கமாக ஐ.டி.யூ. ஸ்விட்சர்லாந்தில் ஜெனீவா நகரில் இருக்கிறது. ஐக்கிய நாடுகள் சபையின் குடும்பத்தில் ஒன்று. ஆனால் சபையை விட வயதில் மிக மூத்தது.

இங்கேதான் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரு தவறான எண்ணம் வருகிறது. அத்தைக்கும் வந்தது. "அப்போ நாங்க பேசுறது எல்லாம் அங்க போய்த்தான் வருதா?" என்றார். படித்தவர்கள் இதையே வேறு மாதிரிக் கேட்பார்கள்: உலகத் தொலைத்தொடர்பைக் கட்டுப்படுத்துவது ஜெனீவாதானே? தாசில்தாருக்கு மேலே கலெக்டர், கலெக்டருக்கு மேலே கோட்டை என்று பார்த்துப் பழகிய நமக்கு, எல்லாவற்றுக்கும் உச்சியில் ஓர் அலுவலகம் உட்கார்ந்து ஆட்டி வைக்கும் என்று தோன்றுவது இயல்பு.

அப்படி இல்லை. அந்த ஒன்றியத்துக்குச் சொந்தமாக ஒரு செல்போன் கோபுரம்கூடக் கிடையாது. நம்மை இணைக்கும் கடலடி வடமோ செயற்கைக்கோளோ அதற்கு இல்லை. நம் ஊரில் எந்தக் கம்பெனிக்கு அலைக்கற்றை என்று அது முடிவு செய்வதில்லை. அது தில்லி நடத்தும் ஏலத்தில் முடிவாகிறது. இணையதளங்களின் பெயர்களைப் பார்த்துக்கொள்வதும் அது இல்லை. அதற்கு வேறு அமைப்பு உண்டு. பிள்ளை குவைத்திலிருந்து கூப்பிட்டால், அங்குள்ள இணைப்பகம் 91-ஐப் பார்த்ததும் இந்தியாவுக்குப் போகும் பாதையில் தள்ளிவிடும். குரல் கடலுக்கடியில் வந்து பெரும்பாலும் மும்பையிலோ சென்னையிலோ கரையேறும். அங்கிருந்து தரைவழி நம் பக்கத்துக் கோபுரத்துக்கு, கோபுரத்திலிருந்து அத்தையின் கைக்கு. வழியில் ஜெனீவா எங்குமே இல்லை. அந்த அலுவலகத்தை இன்று பூட்டினாலும் இந்த அழைப்பு வந்துசேரும்.

பிறகு எதற்கு அது? ஏரித் தண்ணீரை வைத்துப் பார்க்கலாம். மதகைத் திறப்பது ஓர் ஆள், வாய்க்கால் வெட்டியது இன்னொருவர், நிலம் அவரவருடையது. ஆனால் முதலில் யார் மடை, எத்தனை நாள், யாருக்கு எந்த வாய்க்கால் என்பதை ஊர் கூடிப் பேசி முடித்திருக்க வேண்டும். அந்தப் பேச்சு நடக்கும் மரத்தடிதான் ஐ.டி.யூ. இன்று 190-க்கும் மேற்பட்ட நாடுகள் அந்த மரத்தடியில் உட்கார்கின்றன.

மரத்தடி எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தந்தி வந்த புதிதில் ஒவ்வொரு நாடும் தன் இஷ்டத்துக்குக் கம்பி இழுத்தது. கருவி வேறு, குறியீடு வேறு, கட்டணம் வேறு. பிரான்சுக்கும் பக்கத்திலிருந்த பாடன் நாட்டுக்கும் நடுவே ஸ்ட்ராஸ்பூர்கில் ஒரு நிலையம் வைத்தார்கள். அதில் பிரெஞ்சுக்காரர் ஒருவர், பாடன்காரர் ஒருவர். பாரிஸிலிருந்து வந்த தந்தியை முதலாமவர் தாளில் எழுதி மேசைக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நீட்டுவார். இரண்டாமவர் அதை மொழிபெயர்த்துத் தன் கருவியில் மறுபடி தட்டுவார். மின்னல் வேகத்தில் வந்த செய்தி ஒரு மேசையைக் கடக்க மனிதக் கைக்காகக் காத்திருந்தது.

இந்தச் சங்கடத்தைத் தீர்க்க 1865 மே 17 அன்று பாரிஸில் 20 நாடுகள் கையெழுத்திட்டன. அன்றைக்கு அதன் பெயர் சர்வதேசத் தந்தி ஒன்றியம். இந்தியா 1869-லேயே சேர்ந்துவிட்டது. அப்போது நம்மை ஆண்டவர்கள் வெள்ளைக்காரர்கள் என்பதால் பேசியவர்களும் அவர்கள்தான். அதை நாம் மறக்கக்கூடாது. மரத்தடியில் இடம் இருப்பதும், நமக்காக நாமே பேசுவதும் ஒன்றல்ல.

எண், கருவி, குறியீடு பற்றி அங்கே எடுக்கும் முடிவுகளுக்குப் பெயர் "பரிந்துரை". மீறினால் அபராதம் இல்லை, சிறை இல்லை. ஆனாலும் நாடுகள் கேட்கின்றன. கேட்காத நாட்டுக்கு அதன் மக்கள்தான் விலை கொடுப்பார்கள்: வெளியூர்க் கருவி உள்ளே வேலை செய்யாது, உள்ளூர்க் கருவி வெளியே விலை போகாது.

காற்றில் போகும் அலைகள் விஷயத்தில் மட்டும் பிடி இன்னும் இறுக்கம். அங்கே வெறும் பரிந்துரை இல்லை, நாடுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தம். காரணத்தைத் தனுஷ்கோடி முனைக்குப் போய்வந்தவர்கள் அறிவார்கள். அங்கே நின்றால் இலங்கைக் கோபுரம் நம் போனுக்குள் எட்டிப்பார்க்கும். அலைக்கு எல்லைக்கோடு தெரியாது. ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் பேசினால் இரண்டும் கெடும். எனவே எந்த அலைவரிசை எந்த வேலைக்கு என்று மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை உலக மாநாடு கூடி முடிவு செய்கிறது. கடைசியாகக் கூடியது 2023-இல் துபாயில். நாகப்பட்டினத்துப் படகில் இருக்கும் வி.எச்.எஃப். கருவியில் 16-ஆம் சேனல் என்று ஒன்று உண்டு. 156.8 மெகாஹெர்ட்ஸ். ஆபத்து என்று அதில் கூவினால், பக்கத்தில் போவது எந்த நாட்டுக் கப்பலானாலும் அதே சேனலில் காது வைத்திருக்கும். எனக்கு இந்த ஒன்றியத்தின் மேல் மரியாதை வந்தது இந்தச் சேனலைப் பற்றித் தெரிந்துகொண்ட நாளில்தான்.

நம் கூரைமேல் இருக்கும் டிஷ்ஷும் இதே கணக்கில் சேர்ந்ததுதான். பூமத்திய ரேகைக்கு நேர்மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே ஒரு வளையம். அதில் நிற்கும் செயற்கைக்கோள் மட்டுமே நமக்கு அசையாமல் தெரியும். அந்த வளையத்தில் 83 டிகிரி கிழக்கு, 93.5 டிகிரி கிழக்கு போன்ற இடங்களை இந்தியா பதிந்து வைத்திருக்கிறது. பதிந்த இடத்தில் ஏழு ஆண்டுக்குள் குடியேறாவிட்டால் உரிமை போய்விடும்.

இனி அத்தையின் தோப்புக்கு வருவோம். அவருக்கு ஒரு குறை. "தோப்புல நிக்கிறப்ப டவர் காட்டுது தம்பி, ஆனா நான் பேசுறது அவனுக்குக் கேக்கல." பலரும் இதைப் போனின் கோளாறு என்று நினைப்பார்கள். உண்மையில் அந்தக் கோடுகள் காட்டுவது ஒன்றே ஒன்றுதான்: கோபுரம் பேசுவது நம் போனுக்கு எவ்வளவு நன்றாகக் கேட்கிறது. நாம் பேசுவது கோபுரத்துக்குக் கேட்கிறதா என்பதை அவை காட்டுவதில்லை. கோபுரம் ஒலிபெருக்கி வைத்துப் பேசுகிறது, பத்துக்கணக்கான வாட் பலத்தில். நம் போனுக்கு உள்ளது பொதுவாக ஒரு வாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. திருவிழா மைக்கில் பேசுகிறவருக்குக் கடைசி வரிசையிலிருந்து மெல்லிய குரலில் பதில் சொல்வது போல. தூரம் கூடக் கூட முதலில் அறுவது நம் குரல்தான்.

5ஜி எப்படி இருக்க வேண்டும் என்று ஐ.டி.யூ.வில் பேசியபோது இது பெரிய விஷயமாக வந்தது. ஒன்றியம் 5ஜியை உருவாக்குவதில்லை. அது வினாத்தாள் தயாரிக்கும். விடைத்தாளை எழுதுவது உலகெங்கும் உள்ள பொறியாளர் குழுக்கள். வினாத்தாளில் கிராமம் என்ற பகுதியும் இருந்தது. ஆனால் அந்தக் கிராமத்தில் கோபுரத்துக்கும் கோபுரத்துக்கும் இடைவெளி சுமார் 1.7 கிலோமீட்டர். அங்கே ஜனங்கள் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் காரில் போவார்கள், ரயில் 500 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். நம் ஊரைப் பார்த்தவர் எவரும் இதை நம் கிராமம் என்று சொல்லமாட்டார்.

இந்தியாவிலிருந்து போனவர்கள் எழுந்து சொன்னார்கள். எங்கள் நாட்டில் கண்ணாடியிழை பஞ்சாயத்து அலுவலகம் வரை வரும். கோபுரம் அங்கே நிற்கும். சுற்றியுள்ள குக்கிராமங்களெல்லாம் அந்த ஒரு கோபுரத்தை நம்பி இருக்கும். அங்கே யாரும் பறப்பதில்லை. நடக்கிறார்கள், சைக்கிளில் போகிறார்கள். எனவே கோபுரங்களுக்கு நடுவே 6 கிலோமீட்டர் இருந்தாலும் வேலை செய்யுமா என்று கேளுங்கள். இந்தியத் தொலைத்தொடர்புத் தரநிலை மேம்பாட்டுச் சங்கம் இதை முன்வைத்தது. சென்னை ஐ.ஐ.டி., அதன் ஆராய்ச்சிப் பூங்காவில் இயங்கும் கம்பியில்லாத் தொழில்நுட்பச் சிறப்பு மையம், ஐதராபாத் ஐ.ஐ.டி. ஆகியவற்றின் பொறியாளர்கள் பின்னால் நின்றார்கள். 2017-இல் அந்தக் கேள்வி உலக வினாத்தாளில் ஏறியது.

விடையையும் அவர்களே எழுதினார்கள். தோப்பின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஆளைக் கூப்பிடும்போது நாம் என்ன செய்கிறோம்? நீளமான வாக்கியம் பேசுவதில்லை. "ஓய்ய்" என்று ஏற்ற இறக்கமில்லாமல் ஒரே இழுப்பாக இழுக்கிறோம். மூச்சு முழுவதும் அதில் போவதால் தூரம் எட்டும். போனின் அலையையும் அப்படி ஏற்ற இறக்கம் குறைந்ததாக வடிவமைத்தால், அதே கருவி திணறாமல் கூடுதல் பலத்தோடு கத்த முடியும். கோபுரத்துக்கு நம் குரல் எட்டும் தூரம் நீளும். இதைக் கொண்ட இந்திய வடிவத்துக்கு 5ஜிஐ என்று பெயர் வைத்தார்கள். 2021 தொடக்கத்தில் ஐ.டி.யூ. அங்கீகரித்த பட்டியலில் அது இடம்பிடித்தது.

கதை அதோடு முடியவில்லை. நமக்கென்று தனி வடிவம் என்றால் நமக்கென்று தனிக் கருவி, விலை ஏறும் என்று செல்போன் கம்பெனிகள் எதிர்த்தன. ஸ்ட்ராஸ்பூர்க் மேசை அவர்கள் கண்முன் வந்திருக்க வேண்டும். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. 2021 இறுதியில் ஓர் உடன்பாடு வந்தது. தனி வடிவத்தை விட்டுவிட்டு, அதன் சாரத்தை உலகப் பொது வடிவத்திலேயே சேர்த்துக்கொள்ள இரு தரப்பும் ஒத்துக்கொண்டன. இதைத் தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1869-இல் நமக்காக வேறொருவர் பேசிய இடத்தில், மண்பாதையில் நடந்து போகிற ஒருவருடைய போனை இந்த முறை உலகமே கணக்கில் எடுக்க வேண்டியிருந்தது. அத்தையின் கையில் இருப்பது பழைய போன், அவருக்கு இது இன்றே உதவாது. கேள்வி மட்டும் வினாத்தாளில் நிற்கிறது. அடுத்த தலைமுறைப் போன்களும் அதே மரத்தடியில்தான் பேசப்படுகின்றன.

அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, காலி டம்ளரை பெஞ்சின் ஓரத்தில் வைத்தார். போன் மறுபடி அடித்தது. கூட்டல், 965. இந்த முறை எடுத்துவிட்டார். பிள்ளைதான். தன் போனிலிருந்து நாலு நாளாகப் போட்டும் போகவில்லை, அதனால் ரூமில் இருப்பவர் போனில் கூப்பிடுகிறேன் என்றார். ஊரிலிருந்தபோது சேமித்த எண்ணையே அங்கேயும் போட்டிருக்கிறார், வெறும் பத்து இலக்கம்.

"கூட்டல் போட்டு முன்னாடி 91 போடுடா," என்றார் அத்தை. அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். அத்தை என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "அது நம்ம நாட்டோட நம்பர்டா. இரு, சொல்றேன்," என்று பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.