சிவப்புச் சீட்டு

செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நெல்லைக் கொட்டியதும் குவியலுக்கு ஒரு லாட் எண் போடுவார்கள். எண் குழம்பினால் யார் நெல்லுக்கு யார் விலை என்பதே தெரியாது. விமான உலோகத்துக்கும் அப்படி ஓர் எண் உண்டு. உலையில் ஒருமுறை உருக்கி எடுத்ததற்கு ஒரு 'ஹீட் நம்பர்'. பாளத்திலிருந்து போல்ட் வரை அது கூடவே வரவேண்டும்.

வராவிட்டால்? போல்ட் நல்லதாகவே இருக்கலாம், ஆனாலும் மாட்டக் கூடாது. கெட்டது என்று தெரியும்வரை ஓட்டிப் பார்ப்போம் என்கிற நம்மூர் பட்டறைப் பழக்கத்துக்கு நேர் எதிர் இது.

பராமரிப்புக் கூடத்து ஸ்டோரில் சரக்கைச் சோதித்து வாங்குபவர் முதலில் தாளைத்தான் பார்ப்பார். பார்ட் நம்பர், சீரியல் நம்பர், விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டி.ஜி.சி.ஏ.வின் அங்கீகாரம் பெற்ற நிறுவனம் கொடுத்த 'சி.ஏ. ஃபார்ம் 1' என்ற சான்று. ஏதாவது இடித்தால் சிவப்புச் சீட்டு கட்டி, கம்பிவலை அறையில் வைத்துப் பூட்டுவார்கள். சாவி தரப் பிரிவிடம். விமானம் காத்து நிற்கிறது என்று யார் கெஞ்சினாலும் திறக்காது. கழித்த பாகத்தை அறுத்துச் சிதைத்துத்தான் போடவேண்டும். மெருகேறி மறுபடி சந்தைக்கு வந்துவிடும் ஆபத்து அவ்வளவு.

2023இல் போர்ச்சுகலின் 'டாப்' (TAP) விமான நிறுவனத்துப் பராமரிப்புப் பிரிவினருக்கு, புதியது என்ற சான்றோடு வந்த எஞ்சின் பாகம் பழசாகத் தெரிந்தது. சான்றில் பெயர் இருந்த, எஞ்சின் தயாரிக்கும் சாஃப்ரான் நிறுவனத்திடமே கேட்டார்கள். அது தங்கள் தாளே இல்லை என்று பதில் வந்தது. விற்றது லண்டனின் ஏ.ஓ.ஜி. டெக்னிக்ஸ். பிறகு பல நாடுகளில் எஞ்சின்களைக் கழற்றித் தேட வேண்டியதாயிற்று.

அங்கே தாள் பொய். அதே 2023 ஜூலையில் வெளியான பிராட் அண்ட் விட்னி எஞ்சின் நிறுவனத்தின் விவகாரத்தில் உலோகமே கோளாறு. டர்பைன் வட்டுகள் செய்யும் உலோகத் தூளில் மாசு கலந்திருந்தது. மாசு இருக்கும் இடத்தில் நுண்ணிய விரிசல் விழும். வேகமாகச் சுழலும் வட்டு உடைந்தால் எஞ்சின் கூட்டைப் பிய்த்துக்கொண்டு வெளியே பாயும். 2015 கடைசி முதல் 2021 வரை செய்தவை சந்தேகத்துக்குரியவை என்று ஆவணங்களை வைத்துச் சொல்ல முடிந்தது. ஆறு வருட உற்பத்தி! 600 முதல் 700 எஞ்சின்களைக் கூடுதலாகக் கழற்ற வேண்டிவரும், ஒவ்வொன்றும் திரும்ப 250 முதல் 300 நாள் ஆகும் என்று அந்தச் செப்டம்பரில் கணக்குச் சொன்னார்கள்.

அடி நமக்கும் விழுந்தது. 2024 தொடக்கத்தில் இண்டிகோவின் எழுபதுக்கும் மேற்பட்ட விமானங்கள் தரையில் நின்றன. ஏறக்குறைய பாதி இந்தத் தூளால்.

ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் விமானத் தொழில் பூங்கா வந்திருக்கிறது. கோவை, ஓசூர் பட்டறைக்காரர்கள் பலருக்கும் விமான ஆர்டர்மேல் ஆசை. அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சி.என்.சி. இயந்திரம் வாங்கக் கடன் கேட்கும் முன் அந்தக் கம்பிவலை அறையைக் கட்டுங்கள். சாவியை, முதலாளி கேட்டாலும் தராத ஒருவரிடம் கொடுங்கள்.