மணிக்கூட்டுக்கு நித்திரை தெரியுமா?

குச்சவெளிக் கரையில் ஒரு மாமா, கரைவலை இழுக்கிற நேரம் வரும்வரை மணலில் சாய்ந்து கிடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம், பிள்ளைகளே. கண் திறந்துதான் இருக்கிறது, வெள்ளிகளைப் பார்க்கிறார். கை கால்தான் அசையவில்லை. அவர் ஸ்மார்ட் மணிக்கூடு கட்டியிருந்தால், அப்படிக் கிடக்கும் நேரத்தையும் அது நித்திரைக் கணக்கில் சேர்த்துவிடக்கூடும். நித்திரை கொள்பவரை இந்த மணிக்கூடுகள் பெரும்பாலும் சரியாகவே கண்டுபிடிக்கும். அசையாமல் விழித்திருப்பவரிடம்தான் ஏமாந்துபோகும்.

ஏன் அப்படி? மணிக்கூட்டுக்குள் இருக்கும் முடுக்கமானி கையின் அசைவை உணரும். அடிப்பக்கத்தில் மினுங்குகிற பச்சை வெளிச்சம் நாடியைப் பார்க்கும். இருட்டில் ஒரு டோர்ச்சின் மேல் விரல் நுனியை வைத்து அழுத்துங்கள். விரல் சிவப்பாக ஒளிரும். இரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சிக்கொண்டு, சிவப்பைப் போகவிடுகிறது. இதயம் துடிக்கும்போதெல்லாம் மணிக்கட்டில் இரத்தம் சற்றுக் கூடும்; திரும்பி வரும் பச்சை ஒளி சற்றுக் குறையும். அந்தக் குறைவுகளை எண்ணித்தான் மணிக்கூடு நாடித்துடிப்பைச் சொல்கிறது. எவ்வளவு அழகான யோசனை!

பட்டி தளர்ந்தாலோ கை குளிர்ந்தாலோ கணக்குப் பிசகும். தோலின் நிறமியான மெலனினும் பச்சை ஒளியை உறிஞ்சும். விரலில் மாட்டும் ஒட்சிசன் மானி சிவப்பு, அகச்சிவப்பு ஒளிகளால் இயங்குவது. அதுகூட, கறுப்பின நோயாளிகளின் ஒட்சிசன் குறைவை வெள்ளையரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிட்டதாக 2020இல் அமெரிக்க வைத்தியர்கள் கண்டார்கள். இப்படிப்பட்ட கருவிகளை எங்களைப் போன்ற கருந்தோல்காரரிடமும் சோதித்த பிறகே விற்கவேண்டும்.

மணிக்கூடு பார்ப்பது அசைவையும் நாடியையும்; ஆனால் நித்திரையை நடத்துவது மூளை. 1950களின் தொடக்கத்தில் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த யூஜின் அசெரின்ஸ்கி, தன் எட்டு வயது மகனின் கண்ணருகே மின்வாய்களை ஒட்டி, அவன் நித்திரை கொள்வதைக் கவனித்தார். மூடிய இமைக்குள் கண்கள் விறுவிறென்று ஓடின! பிறகு பலரை அந்த நேரத்தில் எழுப்பிக் கேட்டபோது, கனவு கண்டோம் என்றார்கள். ஆசிரியர் நத்தானியேல் கிளைட்மனோடு சேர்ந்து 1953இல் அவர் இதை வெளியிட்டார். இன்றும் ஆய்வுகூடங்களில் மூளை அலை, கண் அசைவு, தாடைத் தசை ஆகியவற்றைப் பதிந்துதான் நித்திரையின் படிநிலைகளைப் பிரிக்கிறார்கள்.

கையில் கட்டிய மணிக்கூட்டுக்கு மூளையும் தெரியாது, கண்ணும் தெரியாது. "ஆழ்ந்த நித்திரை 52 நிமிடம்" என்று அது காட்டினால், அசைவையும் துடிப்பையும் வைத்துப் போட்ட ஊகம் அது. அந்த எண்ணைப் பார்த்துக் கவலைப்பட்டே நித்திரையைக் கெடுத்துக்கொள்பவர்களும் உண்டு. 2017இல் ஆய்வாளர்கள் அதற்கு 'ஆர்த்தோசோம்னியா' என்று பெயரே வைத்துவிட்டார்கள். எத்தனை மணிக்குப் படுத்தோம், எழும்பினோம் என்பதை வாரக்கணக்கில் பார்க்க மணிக்கூடு நல்ல துணை. 6 முதல் 12 வயது வரையுள்ள உங்களுக்கு 9 முதல் 12 மணி நேர நித்திரை வேண்டும். வீட்டில் யாராவது பலமாகக் குறட்டை விட்டு இடையிடையே மூச்சு நின்றுபோனால், மணிக்கூடு என்ன காட்டினாலும் வைத்தியரிடம் சொல்லவேண்டும்.

வீட்டில் யாரிடமாவது அந்த மணிக்கூடு இருந்தால் கேட்டு வாங்கிக் கட்டுங்கள். மற்றக் கையில், பெருவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து, 30 விநாடி துடிப்பை எண்ணி இரண்டால் பெருக்குங்கள். பிறகு கடற்கரையில் ஓடிவந்து, மூச்சு வாங்கும்போதே திரும்ப எண்ணுங்கள். உங்கள் எண்ணும் அதன் எண்ணும் எப்போது ஒத்துப்போகின்றன, எப்போது விலகுகின்றன என்று கொப்பியில் எழுதி வையுங்கள்.