கோடை ஒன்றுகூடலில் பியரும் டெக்கீலாவும்: கண்ணளவு போதாத ஒரு கலவை

கோடை வந்துவிட்டால் புலம்பெயர் நாடுகளில் எம்மவர்களின் சனி, ஞாயிறுகள் எல்லாம் ஒன்றுகூடல்கள்தான். பழைய மாணவர் சங்கம், ஊர் ஒன்றியம், பிள்ளையின் பட்டமளிப்பு, அல்லது காரணமே இல்லாமல் பின்வளவில் ஒரு பார்பிக்யூ. முன்பெல்லாம் இந்த இடங்களில் குடிப்பவர்கள் கராஜுக்குள்ளோ கார் டிக்கிக்குப் பின்னாலோ ஒதுங்கி நிற்பார்கள். விஸ்கிப் போத்தலும் சோடாவும் மிக்சர் பைக்கற்றும்தான் அங்கே இருக்கும். இப்போது இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் விருந்து வைக்கும் வயதுக்கு வந்துவிட்டார்கள். அவர்களோடு மேசைக்கு வந்த புதிய விருந்தாளி, ஒரு பெரிய கண்ணாடி ஜக்கில் தேசிக்காய்த் துண்டுகள் மிதக்கும் வெளிர்மஞ்சள் பானம். பியரும் டெக்கீலாவும் தேசிக்காய்ச் சாறும் சேர்ந்தது. பார்த்தால் வீட்டில் கரைக்கும் தேசிக்காய்த் தண்ணி போலவே இருக்கும். குடித்தாலும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும். இதை விளக்கி எழுதவேண்டும் என்று தோன்றியதற்குக் காரணமே அதுதான்.

பானத்தின் வேர் மெக்சிகோவில். அங்கே குளிர்ந்த பியருக்குள் தேசிக்காய் பிழிந்து, கிளாசின் விளிம்பில் உப்புத் தடவிக் குடிப்பதைச் செலாடா என்பார்கள். அதற்குள் மிளகாய்ச் சோஸும் வேறு காரப் பொருட்களும் போனால் அது மிசெலாடா. இவற்றில் டெக்கீலா கிடையாது. டெக்கீலாவும் தேசிக்காயும் ஆரஞ்சு மதுவும் சேர்ந்த மார்கரிட்டா வேறொரு பானம். இந்த இரண்டு குடும்பங்களையும் ஒரு ஜக்குக்குள் ஊற்றிக் கலந்தது வட அமெரிக்கப் பின்வளவுகளின் வேலை. பியர் மார்கரிட்டா என்று சிலர் அழைப்பார்கள். ஒரு வீட்டில் செய்வதுபோல இன்னொரு வீட்டில் செய்வதில்லை.

டெக்கீலா எதிலிருந்து வருகிறது என்றால், கள்ளிச் செடியிலிருந்து என்றுதான் பலர் சொல்வார்கள். அது சரியல்ல. எங்கள் ஊர்களில் வேலியோரம் நின்ற ஆனைக்கற்றாழையின் இனத்தைச் சேர்ந்த நீலக் கற்றாழையிலிருந்து வருவது அது. செடி முற்ற ஆறு, ஏழு ஆண்டுகளாவது ஆகும். பிறகு அதன் மடல்களை எல்லாம் வெட்டித் தள்ளி, அன்னாசிப்பழம் போலத் தெரியும் நடுக்கிழங்கை எடுத்து, அடுப்பில் அவித்து, நசுக்கிச் சாறெடுத்து, புளிக்கவைத்து வடிப்பார்கள். 1974 முதல் டெக்கீலா என்ற பெயருக்குப் புவிசார் பாதுகாப்பு உண்டு. ஹலிஸ்கோ மாநிலத்திலும் வேறு நான்கு மாநிலங்களின் குறிப்பிட்ட பகுதிகளிலும் செய்ததற்கு மட்டுமே அந்தப் பெயரைப் போடலாம். அந்தக் கற்றாழைத் தோட்டங்களை 2006இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. போத்தலில் நூறு வீதம் அகாவே என்று எழுதியிருந்தால் முழுவதும் கற்றாழைச் சர்க்கரையில் செய்தது. அப்படி எழுதாவிட்டால் 49 வீதம் வரை வேறு சர்க்கரை சேர்ந்திருக்கலாம்.

பனையும் தென்னையும் தெரிந்தவர்களுக்கு ஒரு செய்தி. மெக்சிகோவின் மேற்குக் கரையில், ஹலிஸ்கோவுக்குப் பக்கத்திலுள்ள கொலிமா மாநிலத்தில், இன்றும் தென்னையில் பாளை சீவிக் கள் இறக்குகிறார்கள். பெயர் துபா. பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மணிலாவிலிருந்து போன ஸ்பானியக் கப்பல்களில் பிலிப்பைன்ஸ் மக்கள் கொண்டுபோன தொழில் அது. கற்றாழைச் சாற்றை வடிக்கும் முறைகூட அவர்களின் தென்னஞ்சாராய வடிப்பிலிருந்து வந்திருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். மாம்பழமும் அந்தக் கப்பல்வழியில்தான் மெக்சிகோவுக்குப் போனது. அங்கே மாங்காய்த் துண்டில் உப்பும் மிளகாய்த்தூளும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்துத் தெருவில் விற்பதைப் பார்த்தால், எங்கள் பள்ளிக்கூட வாசல் நினைவுக்கு வராமல் போகாது.

இனி ஜக்குக்கு வருவோம். அதிகம் புழங்கும் செய்முறை மிகவும் எளிது. கடையில் உறைநிலையில் விற்கும் தேசிக்காய்ச் சாற்றுச் செறிவு 355 மில்லிலீற்றர் ரின் ஒன்று. அதே ரின் நிறைய டெக்கீலா. ஒரு போத்தல் பியர். அதே ரின் நிறையத் தண்ணீர். கலக்கி, ஐஸ் போட்டால் முடிந்தது.

கணக்கைப் பாருங்கள். டெக்கீலா பொதுவாக 40 வீத மது. ஆகவே 355 மில்லிலீற்றரில் 142 மில்லிலீற்றர் தூய மது இருக்கிறது. 5 வீதமுள்ள 341 மில்லிலீற்றர் பியரில் 17. மொத்தம் 159. கனடாவில் ஒரு நிலையான மது அளவு என்பது ஏறத்தாழ 17 மில்லிலீற்றர் தூய மது. அதாவது ஒரு போத்தல் பியர், அல்லது 142 மில்லிலீற்றர் வைன், அல்லது 43 மில்லிலீற்றர் சாராய வகை. அந்தக் கணக்கில் இந்த ஒரு ஜக்குக்குள் ஒன்பது போத்தல் பியருக்கும் மேலான மது இருக்கிறது. முழு ஜக் 1.4 லீற்றர்தான். மதுவின் வீதம் 11க்குச் சற்று மேல், கிட்டத்தட்ட வைன். தண்ணீர் விட மறந்தாலோ, தண்ணீர் விட்டால் சப்பென்று இருக்கும் என்று யாராவது தடுத்தாலோ 15 வீதம் ஆகிவிடும்.

இதைப் பெரிய பிளாஸ்ரிக் கோப்பையில் ஊற்றினால், ஐஸ் போக 300 மில்லிலீற்றர் பிடிக்கும். ஒரு கோப்பையே இரண்டு பியர். குடிப்பவர் மனத்தில் எண்ணுவதோ ஒன்று. இரண்டு கோப்பை குடித்தவர் நான்கு குடித்திருக்கிறார், ஆனால் ‘ரெண்டுதான்’ என்று மனச்சாட்சியோடு சொல்வார். விஸ்கி அப்படியல்ல, அது தொண்டையில் எரிந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். புளிப்பும் இனிப்பும் குளிரும் சேர்ந்தால் அந்த எரிவு அடங்கிவிடுகிறது. கறிக்கு உப்புப் போடக் கண்ணளவு போதும், எங்கள் அம்மாமார் அதில் தவறியதே இல்லை. இங்கே கண்ணளவு வேண்டாம்.

நான் சொல்லும் முறை வேறு. ஒரு கிளாசுக்குள் அரைப் போத்தல் பியர், அரை அளவு டெக்கீலா. இரண்டு அரையும் சேர்ந்தால் சரியாக ஒரு நிலையான அளவு. எண்ணுகிறவருக்கு ஒரு கிளாஸ் உண்மையாகவே ஒன்றாக இருக்கும்.

எட்டுப் பேருக்கு: காலையிலேயே 170 மில்லிலீற்றர் டெக்கீலா, 240 மில்லிலீற்றர் தேசிக்காய்ச் சாறு, 160 மில்லிலீற்றர் சீனிப்பாகு மூன்றையும் ஒரு போத்தலில் கலந்து குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். எட்டு முதல் பத்துத் தேசிக்காய் தேவைப்படும். பாகு என்றால் சமஅளவு சீனியும் தண்ணீரும் சூடாக்கிக் கரைத்து ஆறவைத்தது, கம்பிப்பதம் எல்லாம் வேண்டாம். டெக்கீலா நிறமில்லாத, பீப்பாயில் ஊறாத வகை போதும். விலைகூடிய பழைய டெக்கீலாவைத் தேசிக்காய்க்குள் ஊற்றுவது வீண். பியரும் மெல்லிய, வெளிர்நிற லாகராக இருக்கட்டும். கசப்புக் கூடிய வகைகள் தேசிக்காயோடு சண்டை பிடிக்கும்.

விருந்தாளி வந்தபின் கிளாசில் ஐஸ் நிரப்பி, இந்தக் கலவையில் 70 மில்லிலீற்றர் அளந்து ஊற்றி, 60 மில்லிலீற்றர் சோடா விட்டு, கடைசியாக 170 மில்லிலீற்றர் பியரைக் கிளாசைச் சரித்துப் பிடித்து மெதுவாக ஊற்றுங்கள். அவசரப்பட்டால் புளிப்புப் பட்டு நுரை பொங்கி மேசை முழுக்க வழியும். விளிம்பில் உப்பும் கொஞ்சம் மிளகாய்த்தூளும் தொட்டுக்கொள்ளலாம். உப்பு பியரின் கசப்பை அடக்கும். எட்டுக் கிளாசுக்கும் நான்கு போத்தல் பியர் போதும். ஜக்குக்குள் எல்லாவற்றையும் முன்கூட்டியே கொட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. பியரின் வாயு போய்விடும், ஐஸ் கரையக் கரைய அளவும் தெரியாமல் போய்விடும்.

இனி வீட்டுக்குப் போகும் நேரம். எங்கள் ஒன்றுகூடல்களுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் காரில்தான் வருகிறார்கள், பின் இருக்கையில் பிள்ளைகளோடு. கனடாவில் 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மது இருந்தால் குற்றவியல் குற்றம். ஆனால் ஒன்ராறியோவில் 50ஐத் தொட்டாலே அனுமதிப்பத்திரத்தை வீதியோரத்திலேயே தற்காலிகமாக எடுத்துவிடுவார்கள். 21 வயதும் அதற்குக் குறைந்தவர்களுக்கும் புதிய சாரதிகளுக்கும் பூச்சியம்தான். இங்கிலாந்தில் 80, ஸ்கொட்லாந்தில் 2014இன் இறுதியிலிருந்து 50. ஜெர்மனி, பிரான்ஸ், சுவிற்சர்லாந்து, அவுஸ்திரேலியா எல்லாம் பொதுவாக 50. நோர்வேயில் 20, அங்கே ஒரு கிளாஸ்கூட ஆபத்து. உடல் மணிக்குச் சராசரியாக 15 மில்லிகிராம் அளவில்தான் மதுவைக் கழிக்கும். இரவு பதினொரு மணிக்கு 90இல் நிற்பவர் பூச்சியத்துக்கு வர விடியற்காலை ஐந்து மணியாகும். இடையில் குடிக்கும் பிளேன்ரீயும் தலையில் ஊற்றும் தண்ணீரும் அதை ஒரு நிமிடம்கூடக் குறைக்காது.

விருந்து வைத்தவருக்குப் பொறுப்பில்லையா? 2006இல் கனடிய உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதைத்தான் ஆராய்ந்தது. ஒரு புத்தாண்டு விருந்திலிருந்து குடித்துவிட்டுக் காரோட்டிச் சென்றவர் எதிரே வந்த காரில் மோதினார். அந்தக் காரில் ஒருவர் இறந்தார், ஓர் இளம்பெண் நடக்கமுடியாதவரானார். வீட்டில் விருந்து வைத்தவர்கள் பொதுவாக இதற்குச் சட்டப்படி பொறுப்பாளிகள் அல்லர் என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் அது அவரவர் தங்கள் மதுவைக் கொண்டுவந்த விருந்து. ஆபத்தைக் கூட்டும் விதத்தில் விருந்தளிப்பவரே நடந்துகொண்டால் நிலைமை வேறாகலாம் என்ற கதவையும் தீர்ப்பு மூடவில்லை. தள்ளாடுகிற ஒருவரின் கோப்பையை ‘அண்ணை, இன்னும் கொஞ்சம்’ என்று நிரப்பிக்கொண்டே இருப்பது எந்தப் பக்கம் விழும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டில் வற்புறுத்துவது எங்கள் பண்பாடு. அந்தப் பழக்கம் ஜக்கோடு வேண்டாம்.

எங்கள் சமூகத்தில் நீரிழிவு இல்லாத குடும்பத்தைத் தேடவேண்டும், ஆகவே இதையும் சொல்லவேண்டியிருக்கிறது. கடைச் செறிவில் செய்த ஜக்கில் சீனி ஏராளம், அது எல்லோருக்கும் தெரிந்த பக்கம். தெரியாத பக்கம் இதற்கு எதிரானது. இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிக்லசைட் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும், மது குடித்துப் பல மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். வேர்வை, நடுக்கம், குழறல். பார்ப்பவர்கள் வெறி என்று நினைத்துப் படுக்கவைத்துவிடுவார்கள். அப்படிப்பட்டவர் குடிப்பதென்றால் வெறும் வயிற்றில் கூடவே கூடாது. கூட இருக்கும் ஒருவருக்காவது விடயம் தெரிந்திருக்கவேண்டும்.

தேசிக்காயை வெயிலில் நின்று பிழியாதீர்கள். அதன் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் ஓரிரு நாளில் தீக்காயம் போலக் கொப்புளம் போடும், பிறகு கருந்தழும்பு வாரக்கணக்கில் நிற்கும். பலருக்கு அது எதனால் வந்தது என்றே தெரிவதில்லை. குசினிக்குள் பிழிந்து, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு வெளியே வாருங்கள். உதவிக்கு வரும் பிள்ளைகளின் கைகளையும்.

பிள்ளைகளுக்குத் தனிப் பானம் வேண்டும். வெயிலில் ஓடியாடிவிட்டு வரும் எட்டு வயதுப் பிள்ளைக்குத் தேசிக்காய்த் துண்டு மிதக்கும் எந்த ஜக்கும் தேசிக்காய்த் தண்ணிதான். அதனால் மதுக் கலவையை ஜக்கில் வைக்காமல், மூடியுள்ள போத்தலில், பெயரெழுதி ஒட்டி, பெரியவர் ஒருவரின் பொறுப்பில் வையுங்கள். மேசையில் நிற்கும் ஜக் மது இல்லாததாக இருக்கட்டும். அதற்கு 240 மில்லிலீற்றர் தேசிக்காய்ச் சாறு, 160 மில்லிலீற்றர் பாகு, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு துண்டு இஞ்சியை இடித்துப் பிழிந்த சாறு, குடிக்கும் நேரத்தில் சோடா. சோடாவுக்குப் பதிலாகத் தமிழ்க் கடைகளில் கிடைக்கும் எலிபன்ட் ஹவுஸ் ஜிஞ்சர் பியரை ஊற்றினால் இன்னும் நல்லது, பாகைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். பெயரில்தான் பியர், உள்ளே மது இல்லை. கார் ஓட்டிப் போகிறவர்களுக்கும் அதே உப்பு மிளகாய்த்தூள் விளிம்போடு கொடுங்கள். பிள்ளைகளுக்கு மட்டும் மிளகாய்த்தூள் இல்லாமல்.